கடலோர நகரங்கள் – 9: கோட்டைக்கு வெளியே ஒரு கொச்சி

கொச்சியைக் காண வருவோர் பெரும்பாலும் கோட்டைக் கொச்சியில் இறங்கி, சீனவலைகளையும் புனித பிரான்சிஸ் தேவாலயத்தையும் பார்த்து முடித்த பிறகே, பொழுது மீந்தால் மட்டாஞ்சேரிக்கு வருகின்றனர். இத்தொடரின் முந்தைய இயலும் அந்த வழக்கத்தையொட்டிக் கோட்டைப் பகுதியையே முதலில் எடுத்துக்கொண்டது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் இவ்வூரை அறிந்த எவரும் இரண்டையும் ஒரே நகரமாகக் கருதியிருக்கமாட்டார்கள். போர்த்துக்கீசியர் தாங்கள் மதில் எழுப்பி வாழ்ந்த பகுதியைக் கீழ்க்கொச்சி என்றும், அதற்குத் தென்கிழக்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில், காயலோரமாக உள்ளூர் அரசர் ஆண்ட பகுதியை மேல்கொச்சி என்றும் பிரித்தே வழங்கினர். கீழ்க்கொச்சியில் போர்த்துக்கல் மன்னரின் சட்டமும் திருச்சபையின் விசாரணையும் செல்லும். மேல்கொச்சியில் அவை செல்லா. அந்த எல்லைக்கோட்டுக்கு அப்பால் கிடைத்த பாதுகாப்பே யூதர், கொங்கணியர், தமிழ் முசுலிம்கள், குசராத்தியர் எனப் பல மக்களை ஓரிரு சதுர மைலுக்குள் கொண்டுவந்து குடியமர்த்தியது என்பதையும், அந்தப் பாதுகாப்பு எதனால் விளைந்தது, எங்கே முறிந்தது என்பதையும் இந்த இயல் ஆராய்கிறது.

கொச்சி பழைய துறைமுகமன்று. சங்க காலம் முதல் பெயர்பெற்ற முசிறி அமைந்திருந்த பெரியாற்றுக் கழிமுகம், 1341-இல் வந்ததாகச் சொல்லப்படும் பெருவெள்ளத்தால் மணல்மேடிட்டு ஆழம் குறைந்தது என்றும், அதே வெள்ளம் தெற்கே வேம்பநாட்டுக் காயலுக்கும் கடலுக்கும் இடையே அகன்றதொரு வாயைத் திறந்துவிட்டது என்றும் கேரள வரலாற்றாசிரியர் கூறுவர். கொச்சிக்கு எதிரே கிடக்கும் வைப்பின் தீவு அவ்வாண்டில்தான் மேலெழுந்தது என்று கொண்டு ‘புதுவைப்பு’ என்றோர் ஆண்டுக்கணக்கும் வழங்கியது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்படப்புச் சொரூபம் கொடுங்கல்லூரை விட்டுக் கொச்சிக்கு இடம் மாறிற்று. சொரூபம் என்பது ஆட்சியுரிமை பெற்ற தாய்வழி அரசகுடியைக் குறிக்கும் கேரள வழக்கு. அதே நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்களில் வந்த மா ஹுவான், இங்கே வாழ்ந்த ஐந்து வகுப்பாரை எண்ணிச் சொல்கையில், செல்வ வணிகரான செட்டிகளையும் தனி வகுப்பாகக் குறித்துவைத்தார். ஆகவே ஐரோப்பியர் வருகைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கொச்சி வெளியூர் வணிகரின் ஊராக இருந்தது.

கொச்சி அரசரின் நிலைமை விசித்திரமானது. குலச் சிறப்பில் கேரள அரசர் எவருக்கும் குறையாதவர் எனினும், நிலப்பரப்பிலும் படைவலியிலும் அவர் எளியவர். கோழிக்கோட்டுச் சாமூதிரி அவரைத் தம் மேலாட்சிக்கு உட்பட்டவராகவே நடத்திவந்தார். மிளகு விளைந்த மலையடிவாரங்களில் பெரும்பகுதி வடக்குங்கூர், தெக்குங்கூர் போன்ற அண்டை அரசுகளின் கையில் இருந்தது. அங்கிருந்து வள்ளங்களில் ஏற்றப்பட்டு, ஆறும் காயலுமாகக் கடந்து கொச்சிக்கு வந்த மிளகின் மீது விழும் சுங்கமே கொச்சி அரசரின் கருவூலத்தை நிரப்பியது. தோட்டமும் இல்லாமல் பெரும் படையும் இல்லாமல் ஆண்ட ஓர் அரசருக்கு, தம் ஊரை விட்டு வணிகர் போய்விடாமல் காப்பதே அரசியலின் முதற்கடமை ஆயிற்று. மட்டாஞ்சேரியின் பிற்கால வரலாற்றைப் பெருந்தன்மையின் கதையாக மட்டுமே சொல்லும் வழிகாட்டி நூல்கள் இந்த அடிப்படையை மறந்துவிடுகின்றன. அரசரின் நல்லெண்ணத்தை ஐயுறத் தேவையில்லை. ஆனால் அந்த நல்லெண்ணத்துக்குக் கணக்கேடு துணை நின்றது.

1500 டிசம்பரில், கோழிக்கோட்டில் சாமூதிரியோடு பகைத்துக்கொண்ட போர்த்துக்கீசியக் கப்பற்படைத் தலைவர் பெத்ரோ அல்வாரெஸ் கப்ரால் கொச்சிக்கு வந்தபோது, சாமூதிரிக்கு எதிராக ஒரு துணை கிடைத்ததென்று அரசர் அவரை வரவேற்றார். விலை உடனே தெரிந்தது. 1503-இல் சாமூதிரியின் படை கொச்சியைத் தாக்கி எரிக்க, அரசர் வைப்பினில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டே திரும்பி வந்த போர்த்துக்கீசியக் கப்பல்கள் அவரை மீண்டும் அமர்த்திவிட்டு, அதற்குக் கைம்மாறாகக் காயல்வாயில் தென்னைமரத்தாலும் மண்ணாலும் ஒரு கோட்டை எழுப்ப உரிமை பெற்றன. இந்திய மண்ணில் ஐரோப்பியர் கட்டிய முதற்கோட்டை அதுவே. 1505-இல் பிரான்சிஸ்கோ த அல்மெய்தா முதல் ஆளுநராக வந்தார். 1530-இல் தலைமையிடம் கோவாவுக்கு முறையாக மாறும்வரை கொச்சி போர்த்துக்கீசியரின் கீழை அரசுக்கு முதன்மை நகரமாக விளங்கியது. கழிமுகம் அவர்கள் கைக்குப் போயிற்று. அங்காடி அரசரிடம் எஞ்சியது. கொச்சி இரண்டானது இவ்விதமே.

மட்டாஞ்சேரியைப் பார்க்க வருவோர் முதலில் நுழைவது அரண்மனை. டச்சு அரண்மனை என்று எல்லாரும் அழைத்தாலும், அதைக் கட்டியவர் போர்த்துக்கீசியர். அருகிலிருந்த கோயிலொன்றைத் தம் ஆட்கள் கொள்ளையிட்டதால் சினந்திருந்த அரசர் வீரகேரளவர்மரை ஆற்றும் பொருட்டு 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்கள் இதைக் கட்டிக் கொடுத்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1663-க்குப் பிறகு பழுதுபார்த்து விரிவாக்கியதால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. வெள்ளைச் சுவரும் ஓட்டுக்கூரையுமாக வெளியிலிருந்து பார்க்க எளிமையாகத் தோன்றும் இந்த இரண்டடுக்கு மாளிகை, நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள் அமையும் நாலுகெட்டு முறையில் எழுந்தது. முற்றத்தின் நடுவே அரசகுடியின் குலதெய்வமான பழையனூர் பகவதியின் கோயில் உள்ளது. ஐரோப்பியக் கொத்தர் வளைவுகளையும் கனத்த சுவர்களையும் தந்தனர். மனையின் உள்ளமைப்பை மாற்றத் துணியவில்லை. முடிசூட்டு மண்டபத்தின் மரக்கூரையில் தலைகீழாகத் தொங்கும் தாமரைச் செதுக்கல்கள், சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, மரச்சாறு, முட்டை வெண்கரு ஆகியவற்றைக் கலந்து தேய்த்துப் பளபளப்பாக்கிய கருந்தளம் ஆகிய இரண்டும் உள்ளூர்த் தச்சர், கொத்தர் கைவண்ணம். கருங்கல் என்று எண்ணித் தளத்தைக் குனிந்து தொட்டுப்பார்ப்போர் இன்றும் பலர்.

அரண்மனையின் சிறப்பு அதன் சுவரோவியங்களில்தான் இருக்கிறது. அவற்றுக்காகவே ஒரு முழு முற்பகலை ஒதுக்குவது தகும். அரசரின் பள்ளியறைச் சுவர்களில் தசரதன் மகப்பேறு வேண்டி வேள்வி செய்வது முதல் இராமன் வெற்றியோடு அயோத்தி திரும்புவது வரை இராமாயணம் தொடர்ந்து வரையப்பட்டுள்ளது. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே வெற்றிடமே இல்லை. மரமும் மானும் குரங்கும் படைக்கலமும் நெருங்கி நின்று கதையை முன்னே தள்ளிக்கொண்டு போகின்றன. கேரளச் சுவரோவிய முறையில், மணலும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு உலர்ந்தபின் அதன்மேல் சுண்ணாம்பை இளநீரில் குழைத்துப் பலமுறை தடவி வெண்தளம் அமைத்து, உலர்ந்த அத்தளத்தின் மீது வண்ணம் ஏற்றுவர். ஈரப்பூச்சின் மீது விரைந்து தீட்டும் முறைக்கு இது மாறுபட்டது. செம்மைக்கும் மஞ்சளுக்கும் செம்மண் பாறைக் கனிமங்கள், கருமைக்கு விளக்குக் கரி, பச்சைக்கு அவுரி நீலத்தோடு கலந்த மரப்பாலின் மஞ்சள், ஒட்டுவதற்கு வேப்பம்பிசின் எனப் பெரும்பாலும் வீட்டைச் சுற்றிக் கிடைக்கும் பொருள்களே பயன்பட்டன. இந்த ஓவியங்கள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அடுத்தடுத்த தலைமுறைகளில் தீட்டப்பட்டு, சில சுவர்கள் கோட்டோவியத்தோடு நின்றுபோயின. படியிறங்கிச் செல்லும் கீழறையில், அரசகுடிப் பெண்டிரின் படுக்கைமனையில், கோவர்த்தன மலையைத் தூக்கிய கண்ணனும் மோகினியோடு கூடிய சிவனும் உள்ளனர். மருமக்கத்தாயம் எனும் தாய்வழி உரிமையில் அரச பதவி பெண்வழியே இறங்கியதால், அக்குடியின் தாயர் வாழ்ந்த இந்த அறைகள் ஆட்சித் தொடர்ச்சியின் இருப்பிடமாகவே இருந்தன. மேல்மாடியிலேயே பார்வையை முடித்துக்கொண்டு திரும்புவோர் அரண்மனையில் பாதியை இழக்கின்றனர். 1951 முதல் இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இம்மாளிகை வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும்.

அரண்மனைக் கோயிலின் மதிலை ஒட்டினாற்போல, கையெட்டும் தொலைவில் நிற்கிறது பரதேசி யூதப் பள்ளி. யூதர் கூடித் தொழும் இடத்தைக் கேரளத்தில் யூதப் பள்ளி என்பர். வெளிநாட்டிலிருந்து பின்னாளில் வந்த யூதரைப் பரதேசிகள் என்றனர். இவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மலபார் யூதர் கொடுங்கல்லூரில் வாழ்ந்துவந்தனர். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மர் முயிரிக்கோட்டில், அதாவது கொடுங்கல்லூரில், இருந்தபோது ஈசுப்பு இறப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தை அளித்து வெட்டிக்கொடுத்த செப்பேடுகள் இன்றும் இச்சமூகத்தின் மூலச் சான்றாகப் போற்றப்படுகின்றன. அஞ்சுவண்ணம் என்பது மேற்காசிய வணிகரின் குழு. தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் இப்பெயர் வருகிறது. செப்பேடு வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்து கலந்து, தமிழறிந்தோர் சிறிது பயிற்சியோடு பொருள் உணரக்கூடிய மொழியில் உள்ளது. பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காளம், தோரணம் எனச் சிற்றரசர்க்குரிய சிறப்புகளும், நகரத்தார் அரசர்க்குச் செலுத்தும் வரிகளிலிருந்து விலக்குமாக எழுபத்திரண்டு உரிமைகளை அது தருகிறது. இக்கடற்கரையில் ஒரு யூதர் குடையும் பல்லக்குமாகச் சென்றார் என்பதைத் தென்னாட்டு வரலாறு படிப்போர் பெருமையோடு நினைவில் கொள்ளலாம்.

16-ஆம் நூற்றாண்டின் போர்களில் கொடுங்கல்லூர் வாழ்வு நிலைகுலைந்து, யூதர் தெற்கே கொச்சிக்கு நகர்ந்தனர். ஸ்பெயினும் போர்த்துக்கல்லும் துரத்திய யூதரும் அதே காலத்தில் இங்கே வந்து சேர்ந்தனர். 1560-இல் கோவாவில் மத விசாரணை மன்றம் அமைந்த பிறகு, கோட்டைக்குள் யூதராக வாழ்வது உயிருக்கே ஆபத்தாயிற்று. அந்நிலையில் அரசர் கேசவ ராமவர்மர் தம் அரண்மனையை ஒட்டிய நிலத்தையே அவர்களுக்குத் தந்தார்; 1568-இல் பரதேசிப் பள்ளி எழுந்தது. தம் கோயிலுக்கு அடுத்த மனையை ஒரு வேற்றுச் சமயத்தாருக்குக் கொடுப்பது, அவர்கள்மேல் கைவைப்பவர் தம்மேல் கைவைத்தவராவார் என்று கோட்டையில் இருந்தவர்களுக்கு அறிவித்ததற்கு ஒப்பாகும். இந்த ஏற்பாட்டின் வலிமை 1662-இல் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒல்லாந்தர் படை மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாக்கி, ராணி கங்காதரலட்சுமியைச் சிறைப்பிடித்துக் கோட்டையையும் முற்றுகையிட்டது. முற்றுகை தோற்று ஒல்லாந்தர் பின்வாங்கியதும், அவர்களுக்கு உதவினர் என்று போர்த்துக்கீசியர் யூதத் தெருவைச் சூறையாடிப் பள்ளிக்குத் தீ வைத்தனர். 1663 ஜனவரியில் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்த பிறகே பள்ளி புதுப்பிக்கப்பட்டது.

இன்று காண்போரைக் கவரும் பொருள்களில் பல 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒல்லாந்துக் கம்பெனியின் தலைமை வணிகராக ஏறத்தாழ அரை நூற்றாண்டு கொச்சியில் செல்வாக்கோடு இருந்த எசெக்கியேல் ரகாபி 1760-இல் மணிக்கூண்டைக் கட்டினார்; அதன் முகங்களில் எபிரேயம், ரோமன், மலையாளம் என வெவ்வேறு எண்கள் உள்ளன. தளத்தில் பதித்த, கையால் நீலவண்ணம் தீட்டிய ஓடுகள் சீனத்துக் காண்டன் துறையிலிருந்து வந்தவை. காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே நுழைய வேண்டும் என்பது உலகின் வேறு யூதத் தொழுமிடங்களில் பெரும்பாலும் இல்லாத, கேரளக் கோயில் மரபிலிருந்து வந்த வழக்கம். சனிக்கிழமை யூதரின் ஓய்வுநாள் ஆதலால் அன்று வெளியார்க்கு அனுமதி இல்லை.

ஆனால் இந்த அழகிய கூடத்துக்குள்ளும் ஓர் எல்லைக்கோடு இருந்தது. 1686-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மோசே பெரெய்ரா த பைவா என்னும் யூதர், பரதேசியர் மலபார் யூதரோடு கலந்து பழகுவதில்லை என்பதைத் தம் அறிக்கையில் எழுதினார். பரதேசிக் குடும்பங்களோடு அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டோரின் வழியினர் அதே பள்ளியில் தொழுதாலும், இருக்கையில் அமரவோ மறைநூல் ஓத அழைக்கப்படவோ உரிமையற்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டனர். அந்தக் கிளையில் பிறந்து சட்டம் பயின்று வழக்கறிஞரான ஆபிரகாம் பராக் சாலேம் (1882–1967), காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையையே பள்ளிக்குள் கையாண்டு, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தத் தடைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கொச்சிச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். மட்டாஞ்சேரிக்கு வரும் பயணியர் கையேடுகளில் சீன ஓடுகளுக்கு ஒரு பக்கமும் சாலேமுக்கு ஒரு வரியும் கிடைப்பது நியாயமன்று.

மலபார் யூதரின் கடவும்பாகம் பள்ளி, பரதேசிப் பள்ளியினும் பழமையானது; 1544-இல் எழுந்ததாகக் கொள்ளப்படுவது. 1948-க்குப் பிறகு அச்சமூகம் ஏறத்தாழ முழுமையாக இசுரேலுக்குப் பெயர்ந்தபின் அது பாழடைந்து, 1991-இல் அதன் செதுக்குமர உள்ளமைப்பு எருசலேமில் உள்ள இசுரேல் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. எஞ்சிய கட்டடத்தின் முன்பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. அதே வட்டாரத்தில் 1615-இல் மறைந்த யூதப் புலவர் நெகேமியா மோத்தாவின் கல்லறை தப்பியிருக்கிறது. எபிரேயப் பாடல்கள் இயற்றிய அவரை அருளாளராகக் கருதி, யூதர் அல்லாத அக்கம்பக்கத்தாரும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டுதல் செய்கின்றனர்.

கிறித்தவர்க்கும் மேல்கொச்சியின் மண் தேவைப்பட்ட ஒரு நாள் உண்டு. கேரளத்து மார்த்தோமா கிறித்தவர் பழங்காலம் முதல் கீழைத் திருச்சபையின் ஆயர்களை ஏற்று, சிரியாக்கு மொழியில் வழிபட்டு வந்தவர்கள். 1599-இல் உதயம்பேரூர்ச் சங்கத்தின் மூலம் போர்த்துக்கீசியர் அவர்களைத் தம் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தனர். 1652-இல் அகத்தல்லா என்னும் கீழை ஆயர் மயிலாப்பூரில் வந்து இறங்கியபோது அங்கேயே தடுத்து வைக்கப்பட்டார் என்ற செய்தி கேரளம் எட்டியது. அவரைக் கோவாவுக்குக் கொண்டுசெல்லும் கப்பல் கொச்சியைக் கடக்கையில் ஒருமுறை பார்க்கவேனும் விடுமாறு ஆயிரக்கணக்கானோர் திரண்டு வேண்டியும் கோட்டைக் கதவு திறக்கவில்லை. 1653 ஜனவரி 3 அன்று, மட்டாஞ்சேரித் தேவாலயத்தின் முன்னிருந்த சிலுவையைச் சூழ்ந்து நின்று, இனி இயேசு சபையாரின் ஆட்சிக்கு அடங்கோம் என்று அவர்கள் உறுதி எடுத்தனர். எல்லாரும் சிலுவையைத் தொட இயலாததால் அதில் கயிறுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டனர் என்றும், இழுவையில் சிலுவை சாய்ந்தது என்றும் மரபு கூறும்; கூனன் குரிசு உறுதிமொழி என்ற பெயர் இதனால் வந்தது என்பர். கேரளக் கிறித்தவர் இன்று பல சபைகளாகப் பிரிந்து நிற்பதற்கு அந்நாளே தொடக்கம். அது கோட்டை மதிலுக்கு வெளியே, அரசரின் நிலத்தில் நிகழ்ந்தது தற்செயல் அன்று.

கோவாவின் மத விசாரணைக்கு அஞ்சி வந்தோரில் கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதரே எண்ணிக்கையில் மிக்கவர். அரசர் அவர்களுக்குச் செர்லாய்ப் பகுதியில் நிலமும், தம் வழக்குகளைத் தாமே தீர்த்துக்கொள்ளும் உரிமையும் வழங்கினார். அவர்கள் எழுப்பிய திருமலை தேவஸ்வம் கோயிலில் வேங்கடாசலபதி எழுந்தருளியுள்ளார். ஒல்லாந்து ஆளுநர் ஹென்றிக் வான் ரீடு தொகுத்து, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த மலபார்ச் செடிகொடிகள் பற்றிய பெருநூலுக்கு ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனோடு துணைநின்ற ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூவரும் இச்சமூகத்தவர். ஆயினும் அரசரின் அடைக்கலம் அரசரின் மனநிலைக்கு உட்பட்டதே என்பதையும் இவர்களே கண்டனர். 1791-இல், வலிமைமிக்க ஆட்சியாளரான சக்தன் தம்புரானோடு ஏற்பட்ட பிணக்கில், அவருடைய ஆட்கள் கொங்கணி வணிகரைத் தாக்கிச் சிலரைக் கொன்று பொருளைக் கவர்ந்தனர்; தப்பியோர் இறைத்திருமேனியோடு ஆலப்புழைக்கு ஓடினர்; 1853-இல்தான் அது மட்டாஞ்சேரிக்குத் திரும்பியது. சமய நல்லிணக்கத்தின் ஊர் என்று மட்டாஞ்சேரியைப் போற்றும்போது இந்த ஆண்டையும் உடன் சொல்வதே நேர்மை.

தமிழரின் பங்கு தெருப்பெயர்களை விட ஆழமானது. மிளகு விளைந்த நாட்டில் நெல் போதாது. அந்தக் குறையைச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த அரிசி தீர்த்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சிக்கு அரிசி கொணர்ந்த பெருவணிகர்களாகப் போர்த்துக்கீசிய ஆவணங்கள் குறிப்போரில் தமிழ்க் கரையோடு உறவுடைய மரைக்காயர்கள் முன்னிற்கின்றனர். முதலில் போர்த்துக்கீசியரோடு வணிகம் செய்த அவர்கள், தம் கப்பல்கள் கொள்ளையிடப்படவே 1520-களில் வெறுத்துச் சாமூதிரி பக்கம் சென்றனர்; குஞ்ஞாலி மரைக்காயர் என்ற பெயரில் போர்த்துக்கீசியரைக் கடலில் கலங்கடித்த தலைவர்கள் அவ்வழி வந்தவர்களே. கொச்சங்காடியில் உள்ள செம்பிட்ட பள்ளிவாசலைச் சூழ வாழ்ந்த நயினா குடும்பத்தார் தம் முன்னோரின் ஊர் காயல்பட்டினம் என்கின்றனர். கோட்டைப் பக்கம் ‘வெளி’ என்னும் இடத்தில், படைவீரரின் சீருடை வெளுக்க ஒல்லாந்தர் காலத்தில் அழைத்துவரப்பட்டதாகத் தம் மரபு சொல்லும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்து வருகின்றன; 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த வெளுப்புக்கூடத்தில் தனித்தனித் தொட்டிகளில் துவைத்து, வெயிலில் இரட்டைக் கயிற்று முறுக்கில் துணியைச் செருகி உலர்த்தும் முறை இன்றும் உள்ளது. அங்கே தமிழைக் கேட்கலாம்.

ஒல்லாந்தர் வெற்றிக்குப் பிறகு அரசர் ஏறிய அரியணை எத்தகையது என்பதை ஒரு பொருள் காட்டிவிடுகிறது: தாங்கள் தேர்ந்த இளவரசருக்கு அவர்கள் சூட்டிய பொன்முடியில் அவர்களுடைய கம்பெனியின் முத்திரை பொறிக்கப்பட்டிருந்தது. 1795-இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். 1814 ஒப்பந்தத்தில் சுமத்திராவை அடுத்த பாங்கா தீவை ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்து அதை முறைப்படி பெற்றனர். எல்லைக்கோடு அப்போதும் மறையவில்லை. கோட்டைக் கொச்சி பிரிட்டிஷ் கொச்சி என்ற பெயரில் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு உட்பட்டது. மட்டாஞ்சேரி கொச்சி அரசரின் சமஸ்தானத்தில் நின்றது. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் சட்டமும் காவலும் நகராட்சியும் மாறின.

19-ஆம் நூற்றாண்டில் கச்சி மேமன்களும் குசராத்தி வணிகரும் சமணரும் பஜார் சாலையில் பண்டகசாலைகள் அமைத்தனர்; 1904-இல் சமணர் தர்மநாதர் கோயிலைக் கட்டினர். சுக்கும் மிளகும் உலர்த்தப்பட்ட முற்றங்களுக்குப் பின்னால் நேரே படகுத்துறை இருந்ததால், ஆழ்கடலில் நங்கூரமிட்ட நீராவிக் கப்பல்களுக்குத் தோணிகளில் சரக்கு சென்றது. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920-இல் வந்து, காயல்வாயை மறித்த மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணால் வில்லிங்டன் தீவை உருவாக்கினார். 1928 மே 26 அன்று பத்மா என்னும் கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் வந்தது. அன்றிலிருந்து சரக்கு எதிர்க்கரைத் தீவுக்குப் போகத் தொடங்கியது. 1957-இல் யூதத் தெருவருகே நிறுவப்பட்ட மிளகு வணிகர் சங்கம், விளைச்சல் வருமுன்பே விலை பேசி ஒப்பந்தம் செய்யும் முன்பேர வணிகத்தை நடத்தி மட்டாஞ்சேரியின் பெயரை உலகச் சந்தையில் சில பதின்மங்கள் காத்தது.

புதிய துறைமுகத்தில் மூட்டை தூக்கியோர் பெரும்பாலும் மட்டாஞ்சேரி மக்கள். ‘சாப்பா’ என்னும் உலோக வில்லையை முகவர்கள் கூட்டத்தின் நடுவே வீசியெறிவர். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, அடிபட்டு, அதைக் கைப்பற்றியவருக்கே அன்றைய வேலை. வேலைக்கு வந்தவரை இவ்வாறு மண்ணில் புரளவைத்த முறையை ஒழிக்கக் கோரி 1953-இல் நடந்த வேலைநிறுத்தத்தில், செப்டம்பர் 15 அன்று காவல்துறை சுட்டது. சைது, சைதலவி, அந்தோணி ஆகிய மூன்று தொழிலாளர் உயிர் இழந்தனர். அந்தோணி காவலில் அடிபட்டு மாண்டவர். பிற்காலத்தில் மலையாள நாடகமும் திரைப்படமும் எடுத்துரைத்த இந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் துறைமுகத் தொழிலாளர் பதிவும் முறையான வேலைப் பங்கீடும் வழிக்கு வந்தன. நான்கு நூற்றாண்டுகள் வணிகரைக் காத்த ஊர், சுமை தூக்கியவரைக் காக்கத் தொடங்கியது அதன் பின்னரே.

1956-இல் கேரள மாநிலம் அமைந்தபோது இரு கொச்சிகளும் ஒரே ஆட்சியின்கீழ் வந்தன. 1967 நவம்பர் 1 அன்று கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகள் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின. அடுத்த ஆண்டு டிசம்பரில் பரதேசிப் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. அப்போதே யூதத் தெருவின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு வந்தன. இன்று அவற்றில் பழம்பொருள் கடைகள் உள்ளன. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி–முசிறி கலைவிழா, காலியான பண்டகசாலைகளுக்குள் பார்வையாளரைக் கொண்டுவந்து, இடிக்கப்படவிருந்த சுவர்கள் சிலவற்றுக்கு ஆயுளைக் கூட்டியுள்ளது.

சக்தன் தம்புரானிடமிருந்து தப்பிய கொங்கணியர் சென்று சேர்ந்த ஆலப்புழைத் துறைமுகமும், கொச்சியின் வணிகத்தைத் தன்பால் இழுக்க அதை அமைத்த திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசும் அடுத்த இயலின் பொருள்.